ஐந்நூறு ரூபாய்ப் பூட்டு

தேயிலை விலை வீழ்ச்சியினால் நீலகிரியில் ஏற்பட்ட விளைவுகள் பல. கிலோ பதினாறு ரூபாய்க்கு விற்ற பச்சைக் கொழுந்து ஐந்து ரூபாய்க்கு இறங்கியது. வாரத்தில் ஆறு நாள் இருந்த எஸ்டேட் வேலை மூன்று நாளாகச் சுருங்கியது. தீபாவளி போனஸ் பாதியாயிற்று. இவை யாவும் செய்தித்தாள்களில் வெளிவந்தவை. செய்தித்தாள்களில் வெளிவராத விளைவு ஒன்றும் உண்டு. நடுவட்டத்தை அடுத்த ஓர் எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளில், நான்காம் லயத்தில் வசித்த வாசுகியின் வீட்டுக்கு, அவளுடைய கணவன் காத்தமுத்துவின் தம்பி மனோகரன் அடிக்கடி விருந்துக்கு வரத் தொடங்கினான்.

மனோகரன் வெறுங்கையோடு வருபவன் அல்லன். முதல் முறை பேக்கரியில் நூறு கிராம் வர்க்கி வாங்கி வந்தான். இரண்டாம் முறை கால் கிலோ. மூன்றாம் முறை அரைக் கிலோ வர்க்கியையும், உடன் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வாசல் திண்டில் வைத்தபோது, வாசுகி தன் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். வர்க்கியின் எடை கூடக் கூட, அவன் கேட்கப்போகும் பொருளின் எடையும் கூடும் என்பதை அவள் அனுபவத்தால் அறிந்திருந்தாள்.

கழுத்தில் இருந்தது மூன்று பவுன் சங்கிலி. கைகளில் இரண்டு பவுனுக்கு இரு வளையல்கள். காதில் தோடும் மாட்டலும் சேர்ந்து ஒரு பவுன். ஆக ஆறு பவுன். இந்த ஆறு பவுனும் பிறந்த வீட்டுச் சீதனம் அன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும் கொழுந்துக்கு அன்றன்றே தரப்படும் கூலியைத் தோட்டத்தார் கைக்காசு என்பர். அந்தக் கைக்காசைப் பதினெட்டு ஆண்டுகள் தொடாமல் வைத்து, கிராம் கிராமாகச் சேர்த்த பொன் அது. அதற்கு ஒரு நோக்கமும் உண்டு. காத்தமுத்து தேயிலை ஃபேக்டரியில் இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற வேண்டியவன். ஓய்வு பெற்ற மறுமாதம் லயத்து அறையின் சாவியை எஸ்டேட் ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குள் தனக்கென மூன்று சென்ட் நிலமாவது வாங்கிவிடுவது என்பது வாசுகியின் திட்டம். சிறுமியாய் இருந்தபோது இலங்கையில் ஒரு லயத்தைக் காலி செய்து தகரப்பெட்டியோடு கப்பலேறியவள் அவள். இன்னொரு லயத்தையும் அவ்வாறே காலி செய்வதில் அவளுக்கு ஆர்வம் இல்லை.

மனோகரனைப் பற்றியும் நியாயமாக எழுதுதல் வேண்டும். அவன் தீயவன் அல்லன். கொழுந்து லாரி ஓட்டி வந்தவன். விலை சரிந்ததும் லாரி நின்றது. நின்ற லாரியின் ஓட்டுநருக்குச் சிந்திப்பதற்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. முதலில் காளான் வளர்த்தான். காளான் வளர்ந்தது, வாங்குபவர் வளரவில்லை. பின்னர் ரோமத்திற்காக அங்கோரா முயல் வளர்த்தான். ஆறு முயல்கள் நாற்பது ஆயின. நாற்பதும் இறுதியில் அக்கம்பக்கத்துக் குழம்புச் சட்டிகளில் முடிவுற்றன. முயலுக்காக அவன் மனைவி பங்கஜத்தின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. சங்கிலியும் திரும்பவில்லை, முயலும் திரும்பவில்லை, கூண்டுகள் மட்டும் எஞ்சின. அவற்றில் பங்கஜம் கோழி வளர்த்தாள். இப்போது அவன் சிந்தனையில் இருந்தது ஒரு பழைய ஜீப். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு காட்சிமுனைகளுக்குப் போய்வந்தால் மூன்று மாதத்தில் ஜீப் விலை திரும்பிவிடும் என்று அவன் அண்ணனிடம் கூறியிருந்தான். அண்ணன் தலையை ஆட்டியிருந்தான். காத்தமுத்துவின் தலை, தம்பியின் பேச்சுக்கு ஆடுவதற்கென்றே கழுத்தில் பொருத்தப்பட்டது போன்ற தலை.

இவ்விடத்தில் லயத்து வழக்கம் ஒன்றை விளக்குவது அவசியமாகிறது. பணம் கேட்டால் இல்லை என்று கூறலாம். பணம் டப்பாவில் இருப்பது, டப்பாவுக்குள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நகையைக் கேட்டால் அவ்வாறு கூற இயலாது. அது கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கண்முன் தொங்குவதை நெருங்கிய உறவினன் மூன்று மாதத்துக்கு அடகு வைக்கக் கேட்டால், கொடுப்பதே முறை. கொடுக்காதவளைப் பற்றிக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் ஆண்டுக்குப் பேசுவார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் இவ்வழக்கத்தினால் நான்காம் லயத்தில் பதினொரு சங்கிலிகள் புறப்பட்டுச் சென்றன. திரும்பி வந்தவை இரண்டு.

மூன்றாம் முறை வந்தபோது மனோகரன் எதையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பங்கஜத்தோடு வருவதாக மட்டும் கூறிச் சென்றான். வாசுகி புதன்கிழமை லீவு போட்டுவிட்டு பஜாரில் இருந்த கூட்டுறவு வங்கிக்குச் சென்றாள்.

அங்கே நகை மதிப்பீட்டாளராக இருந்தவர் காளிமுத்து. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், தம் தொழிலில் பெருமை உடையவர். நகைகளை உரசிப் பார்த்து, நிறுத்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாற்றுக் குறையாத பொருள் என்று பாராட்டினார். எவ்வளவு தொகை தேவை என்று கேட்டார். ஐந்நூறு என்றாள் வாசுகி. அவர் கண்ணாடியை மறுபடி அணிந்துகொண்டார்.

"ஏனுங்கம்மா, ஆறு பவுன வச்சுட்டு ஐநூறு கேக்கறீங்க? பதினாலாயிரம் வரைக்கும் தரலாமுங்க."

"ஐநூறு போதுங்க. அதுக்குக் கொறைய உண்டுன்னாலும் குடுங்க."

"அதுக்குக் கொறைஞ்சு இங்க ரசீது போடறதில்லீங்க."

அப்படியானால் ஐந்நூறே இருக்கட்டும் என்று அவள் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டாள். காளிமுத்து மனவருத்தத்துடன் கையெழுத்திட்டார். யானையைக் கட்டிவைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தனுப்பியது போல் இருப்பதாகப் பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் கூறியது வாசுகியின் காதிலும் விழுந்தது. அவளுடைய கணக்கு வேறு. ஐந்நூறு ரூபாய்க்கு வட்டி ஆண்டுக்கு எழுபது ரூபாய். எழுபது ரூபாய் வாடகைக்கு இரும்புப் பெட்டி, இரட்டைப் பூட்டு, வாசலில் துப்பாக்கியோடு காவலாளி. அத்துடன், கேட்பவரிடம் பொய்யின்றிக் கூறத்தக்க ஒரு சொல்லும் கிடைக்கிறது: அடகில் இருக்கிறது. கடனாக வாங்கிய ஐந்நூறை அவள் அதே தெருவில் இருந்த அஞ்சலகத்தில் தன் பெயரில் போட்டுவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வீடு திரும்பினாள்.

காத்தமுத்துவிடம் அவள் உண்மையைக் கூறவில்லை. கணவனை ஏமாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. அவன் முகம் எதையும் மறைத்து வைக்கத் தெரியாத முகம். ஆகவே அரிசிக்கும் மருந்துக்கும் கடையில் பாக்கி ஏறிவிட்டது, நகையை வைத்துவிட்டேன் என்று மட்டும் கூறினாள். எவ்வளவுக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்கும் துணிவு அவனுக்கு இல்லை. மறுநாளே வெற்றிலையையும் புகையிலையையும் நிறுத்தினான். தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்றான். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு குடிக்கும் ஒரு கிளாஸையும் துறந்தான். மாத இறுதியில் வாசுகி கூட்டிப் பார்த்தபோது, அவனுடைய துக்கத்தினால் குடும்பத்துக்கு நூற்று எண்பது ரூபாய் மிச்சமாகியிருந்தது. மனம் கேளாமல் அவனுக்கு நாள்தோறும் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள். உண்மையை மட்டும் கொடுக்கவில்லை.

ஞாயிறு வந்த மனோகரன் மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். கொண்டுவந்த முக்கால் கிலோ வர்க்கிப் பொட்டலத்தைக் கையிலேயே சிறிது நேரம் வைத்திருந்தான். பின்னர் அதைத் திண்டில் வைத்துவிட்டு, காலம் கெட்டுவிட்டது என்று கூறி, இரண்டு மாதம் அந்தப் பக்கம் வராமல் இருந்தான்.

திட்டம் பழுதின்றி நிறைவேறியதாகவே வாசுகி எண்ணினாள். ஆனால் ஒரு பூட்டின் வலிமை அதன் சாவியின் விலையைப் பொறுத்தது என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. வட்டிக்கு அஞ்சி மிகச் சிறிய பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

பதினோராம் வாரம், அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பகற்பொழுதில், மனோகரன் அண்ணனைப் பார்க்க வந்தான். அண்ணன் சர்க்கரையில்லாத தேநீரும் அவித்த முட்டையும் கொடுத்துத் தன் துயரத்தை விவரித்தான். ஆறுதல் கூறிய தம்பி, எந்த வங்கி, என்ன வட்டி என்று விசாரித்தான். முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த வங்கியின் அடகு அட்டையை எடுத்து அண்ணன் தம்பியிடமே கொடுத்தான். கண்ணாடி இல்லாமல் அவனால் அதைப் படிக்க இயலாது, கண்ணாடி வாங்கும் செலவையும் அவன் ஒத்திவைத்திருந்தான். தம்பி படித்தான். ஆறு பவுன். ஐந்நூறு ரூபாய். இரண்டாம் முறையும் படித்தான். பிறகு அட்டையை முருகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் வரிசையில், பங்கஜம் தன் கூடையோடு வாசுகிக்குப் பின்னால் வந்து நின்றாள். முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா, அட்டைய அவரு பாத்துட்டாரு. நேத்துல இருந்து விசிலடிச்சுக்கிட்டே இருக்காரு. இப்படி விசிலடிச்சப்பதான் என் செயின் போச்சு."

பின்னர் மற்றதையும் கூறினாள். கோழி அடைத்து வைத்த கூண்டுகளை அவன் காலையிலேயே விற்றுவிட்டான். கோழிகள் இப்போது கட்டிலுக்கடியில் இருக்கின்றன. கூண்டு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலை பத்து மணிக்கு வருவான். அண்ணியின் நகையைத் தன் சொந்தச் செலவில் மீட்டுத் தருவான். மீட்ட நகை அண்ணியின் கையில் இருக்கும்போது, அதே வங்கி வாசலில் வைத்து, ஜீப்பைப் பற்றிப் பேசுவான். இதற்கெல்லாம் காத்தமுத்து ஏற்கெனவே தலையை ஆட்டிவிட்டான். ஆட்டும்போது கண்ணீரும் விட்டானாம்.

வாசுகி அன்று இருபத்திரண்டு கிலோ எடுத்திருந்தாள். எடை எழுதுபவர் இருபது என்று கூறியபோதும் அவள் சண்டை பிடிக்கவில்லை. அடகில் இருக்கும் நகையை ஒருவன் தன் பணத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வந்தால், வேண்டாம் என்று கூறுவதற்கு உலகில் எந்தக் காரணமும் இல்லை. அட்டையில் உள்ள தொகையைக் கேட்டால் கணவனுக்கும் உண்மை தெரிந்துவிடும். தம்பிக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தானே என்று அவன் கேட்டால், அதற்கும் மறுமொழி இல்லை. நாளை பத்து மணிக்கு ஆறு பவுனும் வெளியே வரும். பத்தரைக்கு அவை ஜீப்பாக மாறும். இரண்டு ஆண்டுகளில் எஸ்டேட் ஆபீசில் சாவியை வைத்துவிட்டு எங்கே போவது என்பதற்கு அந்த ஜீப் பதில் கூறாது.

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குச் செல்லாமல் பஜாருக்குச் சென்றாள்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஜமீல், கடைக்குப் பின்புறம் இருபது சென்ட் தேயிலை வைத்திருந்தார். நல்ல காலத்தில் வாங்கியது. இப்போது கொழுந்து எடுக்கும் கூலி கொழுந்தின் விலையைவிட அதிகம் என்பதால் எடுக்காமலே விட்டுவிட்டார். செடிகள் ஆளுயரம் வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்ட் ஒன்பதாயிரம் என்று கூறி அவளைத் திருப்பி அனுப்பியவர், இம்முறை ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் மூவாயிரம் என்றாள். அவர் தம் இறந்துபோன தகப்பனாரை நினைவுகூர்ந்து ஐயாயிரம் என்றார். மழைச்சாரலில் நின்றுகொண்டிருந்த கடைசிப் பேருந்து புறப்படுவதற்கு முன் நாலாயிரத்தில் வந்து நின்றார்கள். மூன்று சென்ட், பன்னிரண்டாயிரம். அவள் இன்னொரு நிபந்தனையும் வைத்தாள். பதினோராயிரத்து ஐந்நூறு கையில் தருவாள், மீதி ஐந்நூறு பாக்கி நிற்க வேண்டும். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் ஐந்நூறு ரூபாயைப் பொருட்படுத்தி ஒரு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளும் காலமாக அது இல்லை.

"பணம் எப்ப வரும்மா?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு, பாங்கு பெஞ்சுல வந்து உக்காருங்க பாய். எங்க வீட்டுக்காரர் தம்பி ஒத்தாச பண்றாரு."

மனோகரனை நன்கு அறிந்த ஜமீல், அவளை ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பார்த்தார். ஆனால் மறுநாள் பத்தே முக்காலுக்கே வந்து பெஞ்சில் அமர்ந்துவிட்டார்.

வங்கியில் எல்லாம் முறைப்படி நடந்தது. மனோகரன் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். அசல் ஐந்நூறும் வட்டியும் கட்டணமும் சேர்த்து ஐந்நூற்று இருபது ரூபாயை, பார்ப்பவர் பார்க்கட்டும் என்பது போல் ஒவ்வொரு நோட்டாக எண்ணிக் கட்டினான். தொகையைக் கேட்ட காத்தமுத்துவின் புருவம் சற்று உயர்ந்தது. ஐந்நூறு ரூபாய்க்காகவா பதினொரு வாரம் கசப்புத் தேநீர் குடித்தோம் என்ற கேள்வி அவன் முகத்தில் முழுவதுமாக எழுதப்பட்டிருந்தது. வாசுகி அந்த முகத்தைப் பார்க்காமல் தவிர்த்தாள். காளிமுத்து துணிப்பையை அவிழ்த்து நகைகளை மேசைமேல் பரப்பினார். சங்கிலி, வளையல்கள், தோடு, மாட்டல். மனோகரன் உதவும் நோக்கத்துடன் கையை நீட்டினான்.

வாசுகி தன் உள்ளங்கையை நகைகளின் மேல் வைத்தாள்.

"சார், இத இப்பவே திருப்பி வச்சுக்கங்க. முழுசா எவ்வளவு தருவீங்களோ அவ்வளவும் குடுங்க."

பதினொரு வாரமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்த காளிமுத்து, அவள் முடிப்பதற்குள் தராசை இழுத்துக்கொண்டார்.

"பதினாலாயிரமுங்க. இப்பத்தாங்கம்மா இந்தப் பொருளுக்கு மரியாத."

"அண்ணி," என்றான் மனோகரன். "இப்பத்தானே மீட்டோம்."

"ஆமா தம்பி. நீ மீட்டுத் தரலேன்னா இத எப்படி மறுபடி வைக்கிறது? பழச முடிக்காம புதுசு தர மாட்டாங்களாம்."

மனோகரன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் காவலாளியைப் பார்த்தான். அதற்குள் ஜமீல் எழுந்து வந்து, தம்பிக்கு இவ்வளவு நல்ல மனது என்று தமக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருந்தி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுற்றி நின்றவர்கள் என்னவென்று கேட்டார்கள். அண்ணனுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கத் தம்பி பணம் கட்டினான் என்று ஜமீல் எல்லாருக்கும் விளக்கினார். பத்து பேர் முன்னிலையில் வள்ளலாக்கப்பட்ட ஒருவன், உடனடியாக ஜீப் கேட்பது கடினம். மனோகரன் தலையை ஆட்டினான். அந்தக் குடும்பத்தின் தலைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை.

வெளியே வந்ததும் காத்தமுத்து வாசுகியோடு நடந்தான். வாழைப்பழக்காரியின் கடையைத் தாண்டியபின் கேட்டான்.

"ஐநூறுதானா?"

"ஐநூறுதான்."

"அப்ப என் பொயல?"

"இப்ப நெசமாவே பதினாலாயிரம் கடன். மாசம் நூத்தி அறுவத்தி மூணு வட்டி. ஒங்க பொயலயும் சக்கரையும் நூத்தி எம்பது. வட்டிக்குச் சரியாப் போச்சுங்க."

அவன் சற்று யோசித்தான். முட்டை தொடருமா என்று கேட்டான். தொடரும் என்றாள். அவன் தலையை ஆட்டினான். பணிக்கொடை வரும்போது நகையை மீட்டுக்கொள்ளலாம் என்பதையும் அவள் வழியிலேயே விளக்கினாள். அதற்கும் ஆட்டினான்.

பத்திரம் வாசுகியின் பெயரில் பதிவாயிற்று. பதிவுச் செலவு போக எஞ்சிய பணத்தில் ஐந்நூற்று இருபது ரூபாயை அவள் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். மனோகரனிடம் அல்ல, பங்கஜத்திடம். அடுத்த வாரம் கோழிகள் கட்டிலுக்கடியிலிருந்து புதிய கூண்டுக்குக் குடிபெயர்ந்தன.

சித்திரையில் மனோகரன் நிலத்தைப் பார்க்க வந்தான். கையில் ஒரு கிலோ வர்க்கி இருந்தது. காத்தமுத்து ஆளுயரத் தேயிலையைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். மனோகரன் மூன்று சென்ட்டையும் நடந்து அளந்தான். நல்ல இடம் என்றான். பாதையோரம் என்றான். இப்படிப்பட்ட இடத்துப் பத்திரத்தை வைத்தால் வங்கியில் தாராளமாகக் கொடுப்பார்கள், மூன்றே மாதம் போதும் என்றான். பத்திரம் எங்கே இருக்கிறது என்று அண்ணனைக் கேட்டான்.

காத்தமுத்து வாயைத் திறந்தான். இம்முறை அவன் முகத்தில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை, ஏனெனில் அவனுக்கு எதுவும் தெரியாது. வாசுகிதான் பதில் கூறினாள். முழுப் பணமும் தர முடியவில்லை. பாக்கி நிற்கிறது. பாக்கி தீரும் வரை பத்திரம் ஜமீல் பாயின் இரும்புப் பெட்டியில் இருக்கும்.

"பாக்கி எவ்வளவு அண்ணி?"

"அத என் வாயால சொல்ல வேணாம் தம்பி. பாயையே கேட்டுப் பாரு."

மனோகரன் கடைக்குச் சென்றான். அஞ்சலகத்தில் அந்த ஐந்நூறு ரூபாய் பத்திரமாக இருந்தது. வீட்டுக்குக் கூரை ஏறும் நாளில்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவரை யார் வந்து கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்பதை வாசுகி ஜமீலுக்கு முன்னரே சொல்லி வைத்திருந்தாள். ஜமீல் என்ன தொகை கூறினார் என்பது தெரியவில்லை. அவர் இயல்பிலேயே தாராளமான மனிதர்.

கால் மணி நேரத்தில் மனோகரன் திரும்பி வந்தான். முகம் வெளிறியிருந்தது. அண்ணனை இரக்கத்தோடு பார்த்தான். வர்க்கிப் பொட்டலத்தை அண்ணியிடம் கொடுத்து, இதை அடுத்த வாரத்துக்கும் வைத்துச் சாப்பிடுங்கள் என்றான். பின்னர் சட்டையைக் கழற்றித் தேயிலைச் செடியின் மேல் போட்டுவிட்டு, மண்வெட்டி எங்கே என்று கேட்டான். ஆள் வைத்தால் நாளுக்குத் தொண்ணூறு ரூபாய் ஆகும், இந்தக் கடனில் அதற்கு எங்கே போவீர்கள் என்றான்.

மூன்று வாரம் வந்து அஸ்திவாரம் முழுவதையும் அவனே தோண்டிக் கொடுத்தான். வாசுகி அவனுக்கும் நாள்தோறும் ஒரு முட்டை அவித்தாள்.